முகத்துவாரத்தில் திரும்பிய படகுகள்

எங்கள் படகுப் பயிற்சிப் பிரிவின் பொறுப்பை இப்போது ஏற்றிருக்கும் பெண் போன மாதம் கருவடிக்குப்பத்தில் என் வீட்டுக்கு வந்திருந்தாள். என் மகள் வயதுதான் இருக்கும். மடிக்கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு, "மேடம், ஸ்கூல் பொண்ணுங்களுக்கு லீடர்ஷிப் ட்ரெய்னிங் குடுக்கச் சொல்லி ஆர்டர் வந்திருக்கு. ஏசி ஹால்ல ரெண்டு நாள். நீங்க இத்தன வருஷம் என்னென்ன சொல்லிக் குடுத்தீங்கன்னு பாயிண்ட் பாயிண்ட்டா சொன்னீங்கன்னா நான் ஸ்லைடு போட்டுக்குவேன்" என்றாள்.

யோசித்துப் பார்த்தேன். ஒன்றிரண்டு சொன்னேன். அதற்கு மேல் வரவில்லை. "பாயிண்ட் வரலம்மா, நடந்ததுதான் வருது" என்றேன். "அப்ப அதையே எழுதிக் குடுங்க மேடம்" என்று சொல்லி, காபியைக் குடித்துவிட்டுப் போய்விட்டாள். எழுதி வைக்கிறேன். இதிலிருந்து ஸ்லைடு தேற்றுவது அவள் சாமர்த்தியம்.

தலைமைப் பண்பு என்ற சொல்லை நாங்கள் புழங்கியதே இல்லை. எங்களிடம் இருந்தவை தேங்காய்த்திட்டில் ஆற்றங்கரையில் ஒரு படகுக் கொட்டகை, ஆளுக்கொரு துடுப்பாக ஆறு பேர் வலிக்கும் மரப் படகுகள் இரண்டு, பள்ளிக்கூடத்துப் பெண்கள் கொஞ்சம் பேர். அரசு உதவி கொஞ்சம், ஊர்ப் பெரிய மனிதர்கள் வைத்திருந்த கமிட்டியின் தயவு கொஞ்சம். சனி, ஞாயிறு காலைகளில் பயிற்சி. அங்கே பயிற்சியாளராகச் சேர்ந்து, அங்கிருந்தேதான் ஓய்வு பெற்றேன்.

நான் வந்த வழியைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். அப்பா மில்லில் வேலை பார்த்தார். நான் உடற்கல்வி படித்தேன். வேலை கிடைக்காமல் இருந்தபோது, படகுப் பயிற்சிக்குப் பெண் ஆள் வேண்டும் என்று யாரோ சொல்ல, போய் நின்றேன். அனுப்பிய ஊருக்குப் போய்ச் சில மாதம் கற்றுக்கொண்டேன். அந்த முகாமில் நான் ஒருத்திதான் பெண். உள்ளங்கை உரிந்தது, ஆறியது, காய்ப்பு காய்த்தது. திரும்பி வந்து நிஜமாக வேலை கற்றுக்கொண்டது முசேயிடம்தான்.

முசே என்றால் எங்கள் ஊரில் ஐயா என்கிற மாதிரி. அவர் முழுப் பெயரை இங்கே எழுத வேண்டாம். பிரெஞ்சுக் கடற்படையில் காலம் முழுக்க வேலை பார்த்துவிட்டு, பென்ஷனோடு ஊருக்கு வந்தவர். எங்கள் பிரிவுக்குக் கௌரவத் தலைவராக இருந்தார். வெளுத்த கேன்வாஸ் ஷூ, இஸ்திரி போட்ட அரைக்கால் சட்டை. சத்தம் போட்டு அவர் பேசி நான் கேட்டதில்லை. பத்தாம் வகுப்புப் பெண்களைக்கூட 'நீங்க' என்றுதான் கூப்பிடுவார். சரியாகச் செய்தால் "பொன்" என்பார், நல்லது என்று அர்த்தம். தப்பாகச் செய்தால் ஒன்றும் சொல்லாமல் பக்கத்தில் வந்து நின்றுகொள்வார். அவர் நிற்க ஆரம்பித்ததும் தப்பு எங்கே என்று நாமே தேட ஆரம்பித்துவிடுவோம்.

படகு தண்ணீரில் இறங்குவதற்கு முன்னால் செய்ய வேண்டியவற்றை அவர் ஒருநாளும் விட்டுக்கொடுத்ததில்லை. முதலில் படகின் அடியில் இருக்கும் தக்கை. கழுவிய தண்ணீர் வெளியேற அதைப் பிடுங்கி வைத்திருப்போம். அதைத் திரும்ப அடைத்தாயிற்றா என்று கண்ணால் பார்த்தால் போதாது, விரலால் தொட்டுப் பார்க்க வேண்டும். பிறகு ஒவ்வொருத்தியின் மிதவைச் சட்டையையும் பிடித்து மேலே தூக்கிப் பார்க்க வேண்டும், தலை வழியே கழன்று வருகிறதா என்று. அதற்கப்புறம்தான் ஆள் ஏறுவது. கடைசியாக ஏறுபவள் சுக்கான் பிடிப்பவள். அவள் பின்பக்கம் உட்கார்ந்து, "ஒண்ணு ரெடியா?" என்று தொடங்கி ஒவ்வொருத்தியாகக் கேட்பாள். ஆறு பேரும் அவரவர் வாயால் 'ரெடி' என்று சொன்ன பிறகுதான் படகு நகரும். ஒருத்தி தலையை ஆட்டினால் போதாது. வாயைத் திறந்து சொல்ல வேண்டும்.

சுக்கான் ஒருத்தியிடமே இருக்காது. முறை வைத்து எல்லோர் கைக்கும் வரும். பயந்தவளுக்கும் வரும், திக்கித் திக்கிப் பேசுகிறவளுக்கும் வரும். யார் கையில் சுக்கான் இருக்கிறதோ அவள் சொல்வதுதான் படகில் நடக்கும். முசே ஏறினாலும் அப்படித்தான். ஏறி உட்கார்ந்ததும் கையைக் கட்டிக்கொண்டு, "அலோர், மத்மோசேல், நான் இப்ப மூட்டை. மூட்டை பேசாது" என்பார். அலோர் என்றால் சரி, மத்மோசேல் என்றால் கல்யாணமாகாத பெண்ணை மரியாதையாகக் கூப்பிடுவது. பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். அவர் சிரிக்க மாட்டார்.

புதிதாக வரும் பெண்களிடம் ஒரு கஷ்டம் எப்போதும் இருந்தது. அவர்களுக்குக் கட்டளையிட வராது. 'இழு' என்று ஒரே சொல்லில் சொல்ல வேண்டும். அவர்களோ, "இழுக்கலாமாடி?" என்பார்கள். இன்னும் சிலர், "கொஞ்சம் இழுக்கறீங்களாப்பா, ப்ளீஸ்" என்பார்கள். ஆறு பேர் அதைக் கேட்டு யோசித்து இழுப்பதற்குள் படகு எங்கேயோ போய்விடும். வீட்டில் பிறந்ததிலிருந்து கேட்டுக் கேட்டே பழகிய வாய். தம்பியிடம்கூடக் கேட்டுத்தான் வாங்க வேண்டும். அந்தக் கேள்விக்குறியைக் கழற்றி எறிய எனக்கு ஒவ்வொரு வருஷமும் சில மாதம் பிடிக்கும். சுக்கான்காரியைக் கரையில் நிற்க வைத்துவிட்டு, படகை ஆற்றின் அந்தப் பக்கத்துக்குக் கொண்டுபோவேன். அங்கிருந்து எங்களைக் கரைக்குக் கொண்டுவர வேண்டியது அவள் குரல். சொல் காதில் விழாவிட்டால் நகர மாட்டோம். சில பிள்ளைகள் அழுதுவிடுவார்கள். அழுதுகொண்டே ஒருநாள் கத்துவார்கள். அந்தக் கத்தல் ஆற்றைத் தாண்டி வந்து எங்களை எட்டும்போது படகில் இருக்கும் எல்லோரும் கை தட்டுவோம்.

ஜரீனா இப்படித்தான் வந்தாள். ஒல்லியான பெண். அவள் அத்தா பெரிய மார்க்கெட் பக்கம் பட்டன், நூல், லேஸ் விற்கும் கடை வைத்திருந்தார். தலைமுறையாக அந்த வியாபாரம்தான். ஊரில் எல்லோருக்கும் அவர் பட்டன் பாய். மகளைச் சேர்ப்பதற்கு முன்னால் தானே கொட்டகைக்கு வந்தார்.

"டீச்சரம்மா, என் புள்ளைக்குத் தண்ணின்னா ஆசை. எனக்குத் தண்ணின்னா பயம். நான் இன்னா செய்யட்டும், நீங்களே சொல்லுங்க" என்றார்.

நான் மிதவைச் சட்டையை எடுத்துக் காட்டினேன். அவர் அதை வாங்கி, படகைப் பார்க்கவில்லை, ஆற்றைப் பார்க்கவில்லை, பட்டையின் தையலை இழுத்து இழுத்துப் பார்த்தார். "இன்னா நூலு போட்டிருக்கானுவ? இது உப்புத் தண்ணிக்கு ஒரு மாசம் தாங்காதே" என்றார். மறுநாள் ஒரு சைக்கிள் ரிக்‌ஷாவில் எல்லாச் சட்டைகளையும் ஏற்றிக்கொண்டு போனார். தடித்த நைலான் நூலில் பட்டைகளை இரட்டைத் தையல் போட்டுத் திருப்பி அனுப்பினார். அதன் பிறகு மகளை அனுப்ப அவருக்குத் தயக்கம் இருக்கவில்லை. ஜரீனா முக்காட்டை இறுக்கிக் கட்டி அதன்மேல் தொப்பியைப் போட்டுக்கொண்டு வருவாள்.

அவளோடு சேர்ந்தவள் அமுதா. பாகூர் பக்கத்து விவசாய வீட்டுப் பெண். முதல் பஸ்ஸைப் பிடித்து வந்துவிடுவாள். வயல் வேலை செய்து உரமேறிய தோள். துடுப்பைத் தொட்ட முதல் நாளே மற்றவர்கள் அவளைப் பார்த்துத்தான் வலித்தார்கள். ஜரீனாவின் குரல் ஆற்றைத் தாண்டியது, அமுதாவின் கை படகைத் தள்ளியது. இருவருக்கும் ஒத்துவராது. ஒவ்வொரு பயிற்சியிலும் ஏதாவது ஒரு வாய்ச்சண்டை. அந்த வருஷம் இரண்டு படகுகளுக்கும் சேர்த்து ஒரு தலைவியைப் பெண்களே தேர்ந்தெடுத்தபோது ஜரீனா ஜெயித்தாள். அமுதா மூன்று பயிற்சி நாள் யாரோடும் பேசவில்லை. நான்காம் நாள் வந்து தன் இடத்தில் உட்கார்ந்து துடுப்பை எடுத்தாள்.

இனி அந்த வருஷத்து ஆண்டு விழாவுக்கு வருகிறேன்.

வெளியூரிலிருந்து ஒரு மேலதிகாரி வருவதாக இருந்தது. கமிட்டியின் செயலாளர் அதற்காகப் பல மாதம் அலைந்திருந்தார். நல்ல மனிதர். பெண்களுக்குப் புதுப் படகு வாங்கித் தர வேண்டும் என்பது அவர் ஆசை. அந்த அதிகாரி மனது வைத்தால் நடக்கும். ஏற்பாடு இதுதான்: கடற்கரைச் சாலையில் பந்தல். இரண்டு படகுகளும் தேங்காய்த்திட்டிலிருந்து கிளம்பி, முகத்துவாரம் வழியாகக் கடலுக்குள் போய், வடக்கே திரும்பி, பந்தலுக்கு எதிரே வந்து நிற்க வேண்டும். கடலில் பெண்கள் தாங்களே வலித்துக்கொண்டு வருவதை ஊர் பார்க்க வேண்டும்.

முகத்துவாரத்தைத் தாண்டி அதற்கு முன்பும் போயிருக்கிறோம். ஆறு கடலில் சேரும் அந்த இடம் ஒருநாள் இருப்பதுபோல் மறுநாள் இருக்காது. ஆற்றுத் தண்ணீர் வெளியே இழுக்கும்போது கடல் அலை எதிரே வந்தால், மணல்மேட்டின்மேல் இரண்டும் மோதிக் குமுறும்.

முன்னால் போக வேண்டியது ஜரீனா சுக்கான் பிடித்த படகு. அதில் அமுதாவும் மற்ற பெரிய பெண்களும். பின்பக்கம் நானும் முசேயும். முசே அன்று வெள்ளைச் சீருடையும் பதக்கங்களும் அணிந்து வந்திருந்தார். இரண்டாவது படகில் சின்னப் பெண்கள், சுக்கானில் கலா என்ற ஒன்பதாம் வகுப்புப் பெண். துணைக்கு ஒரு மீனவர் தன் இன்ஜின் படகில் வந்தார்.

தக்கையைத் தொட்டுப் பார்த்தார்கள். சட்டைகளைத் தூக்கிப் பார்த்தார்கள். 'ரெடி' சொன்னார்கள். முசே கையைக் கட்டிக்கொண்டு மூட்டையானார். ஆற்றில் அழகாகப் போனோம். முகத்துவாரத்துக்குக் கொஞ்சம் உள்ளே, "நிறுத்து" என்றாள் ஜரீனா. துடுப்புகள் தண்ணீரில் ஊன்றி நின்றன.

எதிரே அலை குமுறிக்கொண்டிருந்தது. மலை மாதிரியெல்லாம் இல்லை. ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு மூன்று பெரிதாக எழுந்து மணல்மேட்டில் உடையும், பிறகு கொஞ்ச நேரம் அமைதி. அந்த அமைதியில் புகுந்து வலித்தால் தாண்டிவிடலாம். துணைப் படகுக்காரர் இன்ஜினை முடுக்கி ஒரே பாய்ச்சலில் அந்தப் பக்கம் போய், திரும்பி, "வாங்கம்மா, வாங்க" என்று கை காட்டினார்.

ஜரீனா பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"இன்னாடி பாத்துக்கினு இருக்க? அடுத்த தபா அடங்கறப்ப உட்டுடலாம்" என்றாள் அமுதா, திரும்பாமலே.

ஜரீனா திரும்பிப் பின்னால் கலாவின் படகைப் பார்த்தாள். அது எங்களுக்கு வெகு அருகில் வந்து நின்றிருந்தது. அதிலிருந்த பிள்ளைகள் யாரும் அலையைப் பார்க்கவில்லை. எல்லோரும் ஜரீனாவையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

இன்னொரு முறை அலை எழுந்து உடைந்து அடங்கியது.

"போலாம்டி! இதான் டைமு!" என்றாள் அமுதா.

நான் முசேயைப் பார்த்தேன். அவர் உடம்பு முன்னால் சாய்ந்திருந்தது. எத்தனையோ கடல் பார்த்த கண், இப்போது போகலாம் என்று கணக்குப் போட்டுவிட்டது எனக்குத் தெரிந்தது. வாயைத் திறந்தார். பிறகு மூடிக்கொண்டார். கட்டியிருந்த கை இன்னும் இறுகியது.

"இடது நிறுத்து, வலது இழு" என்றாள் ஜரீனா. திரும்புவதற்கான கட்டளை. ஒரு கணம் யாரும் அசையவில்லை. அமுதாவின் பிடரி கோபத்தில் விறைத்தது. ஆனால் முதலில் அசைந்தது அவள் துடுப்புதான். படகு திரும்பியது. "கலா, திரும்பு! கொட்டகைக்கு!" என்று ஜரீனா கத்தினாள். சின்னப் படகும் திரும்பியது.

கொட்டகைக்கு வந்து படகுகளைக் கரையேற்றினோம்.

செல்போன் எல்லோர் கையிலும் வராத காலம் அது. ஒரு ஆட்டோவைப் பிடித்துக் கடற்கரைச் சாலைக்கு நான்தான் ஓடினேன். செயலாளரைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னேன். அவர் முகம் விழுந்துவிட்டது. கடலைக் காட்டினார். அதற்குள் ஆற்று இழுப்பு நின்று, காற்றும் விழுந்து, கடல் தட்டில் ஊற்றிய எண்ணெய்போலக் கிடந்தது.

"இந்தக் கடல்லயா மேடம்? இது கடலா, குளமா? நீங்களே பாருங்க! ஒரு ஸ்கூல் பொண்ணு சொன்னான்னு, கப்பல் ஓட்டின மனுஷன் திரும்பி வந்துட்டாரா?"

அந்தக் கடலைப் பார்த்தால் யாரும் அப்படித்தான் கேட்பார்கள். மேலதிகாரி வெயிலில் காத்திருந்து பார்த்துவிட்டு, மாலையைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டுக் கிளம்பினார். புதுப் படகு பேச்சு அதோடு போயிற்று.

கமிட்டி விசாரணைக்குக் கூப்பிட்டது. தலைவிப் பொறுப்பிலிருந்து ஜரீனாவை எடுத்துவிட வேண்டும் என்று சிலர் சொல்வதாகக் காதில் விழுந்தது. செயலாளர் என்னிடம், "அந்தப் பொண்ண மன்னிப்புக் கேக்கச் சொல்லுங்க மேடம். நான் பேசி முடிச்சுடறேன்" என்றார். அவர் நல்லதற்குத்தான் சொன்னார். என் வேலையும் அப்போது வருஷத்துக்கு வருஷம் கமிட்டி நீட்டித்தால்தான் உண்டு. பயத்தோடுதான் பட்டன் கடைக்குப் போனேன்.

பாய் கேட்டுக்கொண்டார். மகளிடம் திரும்பினார். "மன்னிப்புதானேம்மா? கேட்டுட்டுப் போயேன். கடைக்கு வர்றவங்க கிட்ட நான் தெனத்துக்கும் கேக்கறேன். நூலு கலர் மாறிப்போச்சுன்னா கேக்கறேன், சில்லறை இல்லன்னா கேக்கறேன். வாய் தேஞ்சா போச்சு?"

"எதுக்குன்னு தெரிஞ்சா கேக்கறேன் அத்தா" என்றாள் ஜரீனா.

விசாரணை நடந்த அறையில் நீளமான மேசை. முதலில் முசேயைக் கேட்டார்கள், அன்றைக்கு முகத்துவாரத்தைத் தாண்டியிருக்க முடியுமா என்று.

"முடியும். நானா இருந்தா போயிருப்பேன்" என்றார்.

"அப்ப அந்தப் பொண்ணு செஞ்சது தப்பு."

"நான் அப்படிச் சொல்லல. நானா இருந்தா போயிருப்பேன். நான் இல்ல. சுக்கான் அவங்க கையில இருந்தது. இந்தப் பிரிவுக்கு வந்த நாள்லேர்ந்து நான் அவங்களுக்குச் சொல்லிக் குடுத்தது அது ஒண்ணுதான். நாலு பெரிய மனுஷங்க கரையில காத்திருக்காங்கன்னு அன்னிக்கு மட்டும் நான் அதை மாத்தினா, அப்புறம் என்ன மூஞ்சிய வெச்சுக்கிட்டு அந்தப் படகுல ஏறுவேன்?"

அடுத்து என்னைக் கேட்டார்கள். எனக்குத் தெரியவில்லை என்றேன். உண்மையாகவே தெரியவில்லை. சுக்கான் என் கையில் இல்லையே என்று அந்த நேரத்தில் எனக்கு நிம்மதியாக இருந்தது என்பதையும் சொன்னேன். ஒரு உறுப்பினர் சிரித்தார்.

பிறகு அமுதா. படகில் அவள் போட்ட சத்தம் பின்படகுப் பிள்ளைகள் வழியாகக் கமிட்டிவரைக்கும் போயிருந்தது. அவள் ஜரீனாவுக்கு எதிராகப் பேசுவாள் என்று நினைத்துத்தான் கூப்பிட்டிருந்தார்கள்.

"நீ என்னம்மா சொன்ன அன்னிக்கு?"

"போலாம்னு சொன்னேன் சார்."

"போயிருக்கலாம்னுதான் இப்பவும் நெனக்கிறியா?"

"ஆமா சார். என் கைக்கு அது ஒண்ணும் பெரிய அலை இல்ல."

"அப்புறம் ஏன் திருப்பி வலிச்ச?"

இப்படி ஒரு கேள்வி வரும் என்று அவள் எதிர்பார்க்கவே இல்லை என்பது முகத்தில் தெரிந்தது. "அவ திருப்புன்னா சார். திருப்பினேன். நாளைக்கி நான் சுக்கான் புடிக்கறப்ப அவளும் வலிக்கணும் இல்ல?"

கடைசியில் ஜரீனாவைக் கூப்பிட்டார்கள். பாய் கதவோரம் நின்றுகொண்டார், உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"என்னத்த நெனச்சு திரும்பினம்மா? பயந்துட்டியா?" என்றார் செயலாளர்.

"இல்ல சார். என் படகு போயிருக்கும். அமுதா இருந்தா, பெரிய பொண்ணுங்க எல்லாம் இருந்தாங்க. பின்னாடி கலா படகு இருந்துது. நான் போனா அவங்களும் வந்துடுவாங்க. அவங்க அலையப் பாக்கவே இல்ல சார், என்னையத்தான் பாத்தாங்க. நான் போயிட்டு அவங்கள மட்டும் நில்லுன்னா அந்த அலைச் சத்தத்துல காதுல வுழாது. அந்தச் சின்னப் புள்ளைங்களால அதுல நேரா வலிக்க முடியுமான்னு எனக்குத் தெரியல. தெரியாதப்ப எப்படி சார் கூட்டிட்டுப் போறது?"

ஒரு பெரியவர், "சரிம்மா, எல்லாம் சரி. வந்த விருந்தாளிக்கு மரியாதக் குறைவு ஆயிடுச்சு. ஒரு மன்னிப்புக் கேட்டுடு, முடிஞ்சது" என்றார்.

ஜரீனா தன் அத்தாவைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு மேசைப் பக்கம் திரும்பினாள்.

"உங்கள எல்லாம் வெயில்ல காக்க வெச்சதுக்கு மன்னிப்புக் கேக்கறேன் சார். திரும்பி வந்ததுக்கு கேக்க மாட்டேன்."

குரல் உயரவில்லை. நடுங்கவும் இல்லை. அந்த வாக்கியத்தில் எங்கேயும் ஒரு கேள்விக்குறி இல்லை என்பது எனக்கு மட்டும்தான் தோன்றியிருக்கும். முசே தன் ஷூவைப் பார்த்துக்கொண்டு மெதுவாக, "பொன்" என்றார்.

செயலாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "வெயில்ல நின்னது நானும்தாம்மா" என்று சொல்லிவிட்டுக் கொஞ்சம் சிரித்தார். அவளைப் பொறுப்பிலிருந்து எடுக்கவில்லை. ஆனால் மறு உத்தரவு வரும்வரை எங்கள் படகுகள் ஆற்றைத் தாண்டக் கூடாது என்று முடிவு செய்தார்கள்.

அது எல்லோரையும் வருத்தியது. கடலுக்குப் போகிறோம் என்பதற்காகவே சேர்ந்த பெண்கள் இருந்தார்கள். சிலர் நின்றுவிட்டார்கள். "உன்னாலதான்" என்று ஜரீனாவிடமே இரண்டு பேர் சொன்னார்கள். அதற்கு அமுதாதான், "அவளாலதான் நீ உசுரோட நின்னு பேசற, போடி" என்றாள். அலை பெரிதில்லை என்று விசாரணையில் சொன்னவளும் அவள்தான்.

அந்தத் தடைக் காலத்தில் ஜரீனா ஒன்று செய்தாள். அது எனக்கோ முசேக்கோ தோன்றியதில்லை. ஒவ்வொரு பயிற்சியிலும் இரண்டு படகுகளையும் முகத்துவாரத்துக்கு உள்ளே பாதுகாப்பான இடம்வரை கொண்டுபோய் நிறுத்துவாள். கலாவையும் அவள் படகுப் பிள்ளைகளையும் கடலைப் பார்க்கச் சொல்வாள். "இன்னிக்குப் போலாமா, வேணாமா? ஏன்?" ஒவ்வொருத்தியும் பதில் சொல்ல வேண்டும். ஜரீனாவின் முகத்தைப் பார்த்துச் சொன்னால் செல்லாது. அதற்காக அவள் முதுகைக் காட்டித் திரும்பி உட்கார்ந்துகொள்வாள். ஆரம்பத்தில், "நீயே சொல்லுக்கா" என்று கெஞ்சினார்கள். போகப் போக அவர்களுக்குள்ளேயே சண்டை வந்தது. "தண்ணி இன்னும் வெளிய இழுக்குதுடி, அந்த நுரையப் பாரு." "இல்லடி, அது நின்னுப்போச்சு, நாணல பாரு, நேரா நிக்குது." அந்தச் சண்டையைக் கேட்க எனக்கு அவ்வளவு ஆனந்தமாக இருக்கும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, சொல்லாமல் கொள்ளாமல் செயலாளர் கொட்டகைக்கு வந்தார். பேண்ட்டை மடித்துவிட்டுக்கொண்டு, மிதவைச் சட்டையை மாட்டிக்கொண்டு, கலாவின் படகில் ஏறி உட்கார்ந்தார். முகத்துவாரத்துக்குள் படகு நின்றது. கலா பார்த்தாள். "வேணாம். இழுப்பு இருக்கு" என்றாள். செயலாளருக்குக் கடல் சாதுவாகத்தான் தெரிந்தது. "கொஞ்ச நேரம் நின்னு பாக்கலாமே?" என்றார். "நீங்க பேசக் கூடாது சார்" என்றாள் கலா. அடுத்த வாரமும் வந்தார். அன்றைக்குக் கலா, "போலாம், ஆனா நமக்கு பர்மிஷன் இல்ல" என்றாள். அந்த மாதமே அனுமதி வந்தது.

பந்தல் இல்லை. மாலை இல்லை. யாருக்கும் சொல்லவும் இல்லை. சாதாரண சனிக்கிழமைக் காலை. ஜரீனாவுக்கும் அமுதாவுக்கும் பள்ளி முடிகிற சமயம், அதுவே அவர்கள் எங்களோடு வந்த கடைசிச் சில வாரங்களில் ஒன்று. இந்த முறை கலாவின் படகை முன்னால் விட்டாள் ஜரீனா. தன் படகைப் பின்னால் வைத்துக்கொண்டாள். "பின்னாடி இருந்தாத்தான் டீச்சர் எல்லாரும் கண்ணுல தெரியறாங்க" என்றாள். கலா நிறுத்தினாள், பார்த்தாள், காத்திருந்தாள், பிறகு அவள் குரல் கிளம்பியது: "இழு!" சின்னப் பெண்கள் அலையின் முதுகில் ஏறி இறங்கி அந்தப் பக்கம் போனதைப் பார்த்தபோது அமுதா துடுப்பைப் பிடித்தபடியே, "ஏய்!" என்று ஒரு கூச்சல் போட்டாள். நாங்களும் தாண்டினோம். முசே தன் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். அவர் கண் கலங்கியிருந்தது. கடல் தண்ணீர் தெறித்ததாகவும் இருக்கலாம்.

வடக்கே திரும்பினோம். கடலிலிருந்து எங்கள் ஊரைப் பார்த்தவர்களுக்குத்தான் அது எவ்வளவு சின்னது, எவ்வளவு வெளுப்பு என்று தெரியும். கடற்கரைச் சாலையில் நடைப்பயிற்சிக்காரர்கள் சிலர் நின்று வேடிக்கை பார்த்தார்கள். கரையோரப் பாறைகளின் மேல் ஒரு ஆள் குடையோடு நின்றிருந்தார். பட்டன் பாய். மகள் வீட்டில் சொல்லியிருப்பாள் போலிருக்கிறது; கடையைத் திறக்காமல், தண்ணீரைப் பார்த்தாலே பயப்படுகிறவர், அவ்வளவு கிட்டத்தில் வந்து நின்றிருந்தார்.

ஜரீனா அவரைப் பார்த்தாள். முசேயிடம் கேட்கவில்லை, என்னிடமும் கேட்கவில்லை. இரண்டு படகுகளுக்கும் கேட்கும்படி, "துடுப்பு, நிமிர்த்து!" என்றாள்.

பெரிய மனிதர்களுக்குப் படகிலிருந்து செய்யும் மரியாதை அது. வலிப்பதை நிறுத்தி, எல்லாத் துடுப்புகளையும் ஒரே சமயத்தில் தண்ணீரிலிருந்து எடுத்து வானத்தைப் பார்க்க நேராக நிறுத்துவார்கள். பன்னிரண்டு துடுப்புகளும் எழுந்து நின்றன. தண்ணீர் அவற்றின் வழியாக வழிந்து பெண்களின் தோள்களில் சொட்டியது.

பாய் பதறிப்போனார். ஏதோ ஆபத்து, உதவிக்குக் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டு, குடையை வீசி வீசி ஆட்டியபடி பாறையிலிருந்து பாறைக்குத் தாவி இறங்கினார். நடைப்பயிற்சிக்காரர் இருவர் அவர் கையைப் பிடித்து இழுத்து நிறுத்தினார்கள். படகில் சிரிப்பு அடங்க வெகு நேரம் ஆயிற்று. அமுதா சிரித்த சிரிப்பில் துடுப்பு கையிலிருந்து நழுவப் பார்த்தது.

அன்று மதியம் ஜரீனாவோடு நானும் கடைக்குப் போனேன். பாய் இன்னும் படபடப்பாகத்தான் இருந்தார். "எதுக்கும்மா எல்லாரும் அந்தக் கட்டையத் தூக்கினீங்க? எனக்கு உசுரே போயிடுச்சு" என்றார்.

"உங்களுக்குத்தான் அத்தா" என்றாள் ஜரீனா. "மரியாதை."

அவர் அவளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு அந்தப் பக்கம் திரும்பி, நூல் அலமாரியில் வெள்ளை நூலைத் தேட ஆரம்பித்தார். கடையில் வாடிக்கையாளர் ஒருவரும் இல்லை. வெகு நேரம் தேடிக்கொண்டே இருந்தார்.